ஊசி வரைந்த சித்திரம்



சித்திரம் என்றால் சட்டத்துக்குள் அடங்கிச் சுவரில் தொங்குவது, நாட்டியம் என்றால் மேடையில் நிகழ்வது, ஆடை என்றால் கடையில் வாங்கி உடுத்துவது என்று நாம் வகுத்து வைத்திருந்த எல்லைகள் கரைந்து, ஒரே மண்டபத்தில், ஒரே மாலைப் பொழுதில், மூன்றும் ஒருசேர நடைபெறுகிற காட்சியை இப்போது பாரிஸிலும் வெனிஸிலும் மும்பையிலும் காண்கிறோம். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாரிஸ் நகரத்துப் பொம்பிடு கலைக்கூடத்தின் முன்றிலில் லூயி வித்தோன் நிறுவனத்தார் தங்கள் ஆடைகளை அரங்கேற்றியபோது, அந்த ஆடைகளை அணிந்து நடந்து வந்தவர்களின் காலடியில் விரிந்திருந்தது நம் நாட்டுப் பரமபதப் பலகை. அதை அமைத்துக் கொடுத்தவர் பிஜோய் ஜெயின் என்னும் மும்பைக் கட்டடக் கலைஞர். அதே ஆண்டின் தொடக்கத்தில், சிற்பி ரோதேன் பெயரால் விளங்கும் பாரிஸ் அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் தியோர் நிறுவனத்தார் எழுப்பியிருந்த அரங்கத்தின் சுவர்களை, மும்பையில் பிறந்த ரித்திகா மெர்ச்சன்ட் என்னும் ஓவியரின் சித்திரங்கள் பெரிய நூல்வேலைத் திரைகளாக மாறி அலங்கரித்தன. வந்திருந்தவர்கள் பார்த்தது ஓவியக் கண்காட்சியா, ஆடை அணிவகுப்பா, நாடகமா என்று கேட்டால், மூன்றும்தான் என்றே விடை சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த மாறுதலைக் கண்டு மனம் நோகிறவர்கள் உண்டு. கலை என்னும் தெய்வத்தைக் கொண்டுபோய்க் கடைவாசலில் நிறுத்திவிட்டார்களே என்பது அவர்களுடைய ஏக்கம். மகிழ்கிறவர்களும் உண்டு, அருங்காட்சியகத்தின் படியேறத் தயங்கும் சாமானிய மனிதனிடம் கலை தானே நடந்து வருகிறதே என்பது அவர்களுடைய உற்சாகம். இரு சாராரின் அபிப்பிராயத்திலும் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், இவர்கள் ஓவியரையும் வியாபாரியையும் மட்டுமே எதிரெதிரே நிறுத்தி வழக்காடுகிறார்களே தவிர, அவ்விருவருக்கும் நடுவே குனிந்து உட்கார்ந்து, அந்தச் சித்திரத்தைத் தையல் தையலாகத் துணியில் ஏற்றிய மூன்றாமவரை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த மூன்றாமவருக்காகப் பேசவே இன்று இங்கே நிற்கிறேன்.

ஓவியரும் ஆடை வல்லாரும் கைகோத்தது புதிதன்று. பாரிஸில் எல்சா ஸ்கியாபரெல்லி என்ற அம்மையார் 1937-இல் ஓவியர் சால்வடோர் டாலியோடு சேர்ந்து, சிங்கி இறால் ஒன்றைத் தீட்டிய வெள்ளைக் கவுனை உருவாக்கினார். 1965-இல் ஈவ் சேன் லோரான் என்னும் ஆடை வல்லார், அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்த ஓவியர் மோந்திரியானின் கட்டங்களையும் நேர்கோடுகளையும் எடுத்துப் பெண்களின் உடையாக்கினார். பின்னர் 2003-இல் ஓவியர் முராகாமியின் வண்ணங்களும், 2012-இலும் மறுபடி 2023-இலும் ஓவியர் யாயோய் குசாமாவின் புள்ளிகளும் லூயி வித்தோனின் பைகளின் மேல் ஏறின. இவற்றைப் பற்றி விஸ்தாரமாகப் பேச நான் விரும்பவில்லை. ஒரு கலைஞரின் உருவத்தை எடுத்து ஆயிரக்கணக்கான பைகளில் அச்சிடுவது வியாபாரத்தில் ஒரு சாமர்த்தியம். அதைக் குறை சொல்லவும் வேண்டாம், வியக்கவும் வேண்டாம். அச்சு இயந்திரம் சித்திரத்தை உள்ளபடியே பெற்று உள்ளபடியே தருகிறது. அங்கே புதிதாக ஒன்றும் பிறப்பதில்லை.

சித்திரத்தை நூலால் திரும்பச் செய்வதோ முற்றிலும் வேறான காரியம். 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் அதே ரோதேன் அருங்காட்சியகத் தோட்டத்தில் நடந்த தியோர் அணிவகுப்புக்கு, மனு பாரேக், மாதவி பாரேக் என்னும் நம் நாட்டு ஓவியத் தம்பதிகளின் சித்திரங்களைப் பின்னணியாக அமைத்தார்கள். மாதவி அம்மையார் குஜராத்தின் ஒரு சிற்றூரில் 1942-இல் பிறந்தவர்; கலாசாலை எதிலும் ஓவியம் கற்காதவர்; கிராமத்துத் தேவதைகளையும் பறவைகளையும் விலங்குகளையும், குழந்தை கை போட்டாற்போன்ற கோடுகளாலும் நெருங்கிய புள்ளிகளாலும் நிரப்பித் தருகிறவர். அவருடைய கணவர் மனு பாரேக், காசி நகரத்தின் படித்துறைகளையும் இரவு விளக்குகளையும் அடர்ந்த வண்ணத்தில் தீட்டிப் பிரசித்தி பெற்றவர். கைத்தறி, கைத்தொழில் துறைகளில் பல ஆண்டுகள் வடிவமைப்பாளராக உழைத்தவர். இருவருடைய சித்திரங்களையும் மும்பையிலுள்ள சாணக்யா கைவினைப் பள்ளியில் பன்மடங்கு பெரிதாக்கிப் பூத்தையல் திரைகளாகச் செய்து, கடல் கடந்து கொண்டுபோய்ச் சுவரெங்கும் நிறுத்தினார்கள். அணிவகுப்பு கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிற விஷயம். அது முடிந்த பின் சில நாட்கள் பொதுமக்கள் உள்ளே வந்து அத்திரைகளை நிதானமாகப் பார்த்துச் செல்ல இடமளித்தார்கள் என்பதுதான் என் மனத்துக்கு உகந்த செய்தி. அந்தச் சில நாட்களில், ஆடைகளும் இல்லாமல், அணிந்து நடந்தவர்களும் இல்லாமல், ஊசி வேலை மட்டும் தனித்து நின்று தன்னைப் பார்க்கச் சொல்லியது.

ஊசி வேலை என்று சொன்னேன். அதைச் சற்று அருகில் சென்று காணாமல் இந்தப் பேச்சை மேலே நடத்துவதற்கில்லை. ஆரி வேலை என்றும் ஜர்தோசி என்றும் நம் பெண்மணிகள் கல்யாண ரவிக்கைக்குச் செய்யச் சொல்கிறார்களே, அதே வேலைதான் இது. முதலில் சித்திரத்தின் கோடுகளை மெல்லிய டிரேசிங் தாளில் எடுத்து, கோட்டின் மேலேயே நெருக்க நெருக்கமாக ஊசியால் துளையிடுகிறார்கள். நான்கு பக்கமும் மரச்சட்டத்தில் முரசுத் தோல்போல் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணியின் மேல் அந்தத் தாளை விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் துணிப்பந்தில் தொட்டுத் தேய்க்கும்போது, துளைகளின் வழியே பொடி இறங்கிப் புள்ளிகளாகக் கோடு பதிகிறது. பிறகு சட்டத்தின் இருபுறமும் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். இடது கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்திருக்கிறது. வலது கையிலுள்ள ஆரி ஊசி, முனையில் நுண்ணிய கொக்கி உடையது, மேலிருந்து துணியைத் துளைத்து இறங்கி, கீழிருக்கும் நூலைக் கவ்விக்கொண்டு மேலே வந்து ஒரு வளையம் இடுகிறது. அந்த வளையத்துக்குள் அடுத்த வளையம், அதனுள் மற்றொன்று என்று சங்கிலி நீள்கிறது. கீழே உள்ள கை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊசியின் கொக்கி எந்தத் திசையில் திரும்பி இறங்குகிறது என்பதை விரல் நுனியாலேயே அறிந்து அந்தக் கை நூலைக் கொடுக்கிறது. சமிக்கி, மணி, சுருள் கம்பியை நறுக்கிய தப்கா முதலியவற்றுக்கு நேர் ஊசி தனியே உண்டு. நன்றாகக் கை பழகியவர் ஒருவரின் பக்கத்தில் நின்று நான் பார்த்திருக்கிறேன்: ஊசி துணியில் இறங்கும் ஒலி மழைத் தூறல் கணக்காக இடைவிடாமல் கேட்கிறதே ஒழிய, தனித்தனித் தையலைக் கண் பிரித்தறிய முடிவதில்லை.

இனி, ஓவியர் தம் காய்ந்த தூரிகையை வண்ணத்தில் தொட்டு ஒரே வீச்சில் இழுத்த ஒரு தீற்றலை எண்ணிப் பாருங்கள். அதன் ஒரு முனை கனத்தும் மறுமுனை பிசிறாகியும் இருக்கிறது. அதை நூலில் எப்படிச் சொல்வது? முறுக்கில்லாத பட்டிழையில் செய்தால் மினுங்கும். பருத்தி நூலில் செய்தால் மங்கி அடங்கும். தையலைக் குறுக்கே போட்டால் ஒளி ஒரு விதமாய் விழும். நெடுக்கே போட்டால் வேறு விதமாய் விழும். பார்ப்பவர் இரண்டடி நகர்ந்தால் அந்த நிறமே மாறித் தோன்றும். தூரிகையில் இல்லாத இந்தக் குணங்களை எல்லாம் ஆலோசித்து, இவ்விடத்தில் இன்ன நூல், இன்ன திசை, இன்ன நெருக்கம் என்று தீர்மானிக்கிறவர் யார்? மேற்பார்வையாளர் ஒரு மாதிரியைக் காட்டக்கூடும். ஓவியர் ஒருமுறை வந்து பார்த்துப் போகக்கூடும். ஆனால் ஒவ்வொரு அங்குலத்திலும் அந்தத் தீர்மானத்தைச் செய்வது சட்டத்தின் முன் உட்கார்ந்திருக்கும் கைதான். தீர்மானம் செய்கிற கை, கூலிக்குப் பிரதி எடுக்கும் கையாக மட்டும் இருக்க முடியாது என்பதே என் சித்தாந்தம். கர்நாடக சங்கீதத்தில் ஒரு கீர்த்தனத்தை இயற்றியவர் ஒருவர். ஆனால் பாடியவரின் பெயர் இல்லாத கச்சேரி விளம்பரத்தை நாம் கண்டதுண்டா? சாகித்தியகர்த்தாவுக்கும் பாடகருக்கும் அவரவர் மரியாதையை நாம் தனித்தனியே செலுத்தத்தான் செய்கிறோம்.

பாரிஸில் இந்த மரியாதை ஓரளவு இருந்து வருகிறது. 1988-இல் ஈவ் சேன் லோரான் வான்கோவின் சூரியகாந்தியையும் ஐரிஸ் பூவையும் மேலங்கிகளில் பூக்கவைத்தபோது, அந்தப் பூத்தையலைச் செய்தது லெசாஜ் என்னும் கூடம் என்பது அன்றே ஊரறிந்த செய்தியாயிருந்தது. அந்தக் குடும்பத்தில் வந்த ழான் பிரான்சுவா லெசாஜ் 1990-களில் நம் சென்னைக்கு வந்து வஸ்திரகலா என்னும் கூடத்தை நிறுவி, ஐரோப்பிய மாளிகைகளுக்கு வேண்டிய பூத்தையல்களை இங்குள்ள கைவினைஞர்களைக் கொண்டு செய்துவருகிறார் என்பதை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். கொக்கி ஊசியால் சட்டத்தில் தைக்கும் முறை கீழ்த்திசையிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது என்று கலை வரலாற்றாசிரியர் பலரும் கருதுகின்றனர். போன வித்தை திரும்பி வந்து நம்மூரில் தொழில் கொடுக்கிறது. ஆனால் பாரிஸில் உலகறிந்தது கூடத்தின் பெயர். கூடத்துக்குள்ளே உட்கார்ந்திருப்பவரின் பெயர் அங்கும் எளிதில் வெளிவருவதில்லை.

இந்த இடத்தில் ஜூடி சிகாகோ என்னும் அமெரிக்கப் பெண் கலைஞரை நான் நன்றியோடு நினைக்கிறேன். 1970-களில் அவர் செய்த ‘விருந்து’ என்னும் பெரிய படைப்பு இன்று நியூயார்க்கில் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக இருக்கிறது. முக்கோண மேசையில் சரித்திரத்துப் பெண்மணிகள் 39 பேருக்கு இலை போட்டாற்போலப் பீங்கான் தட்டும் பூத்தையல் விரிப்பும் வைத்திருக்கிறார். கீழே தரையில் இன்னும் 999 பெண்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. சரித்திரம் மறந்த பெண்களின் பெயரை எழுதப் புகுந்தவர், தம்மோடு உட்கார்ந்து அந்த விரிப்புகளைத் தைத்தவர்களின் பெயரை மறந்தாரில்லை. அவர்களுக்கென்றே பெயர்ப் பலகைகள் செய்து படைப்போடு சேர்த்தார். அதே அம்மையார் 2020 ஜனவரியில் தியோருக்காக ரோதேன் தோட்டத்தில் ஆதித் தாயின் திருமேனி வடிவில் ஒரு மண்டபம் எழுப்பி, உள்ளே தொங்கிய கொடிகளில், உலகைப் பெண்கள் ஆண்டால் எப்படியிருக்கும் என்பது போன்ற கேள்விகளைப் பொறித்தார். அந்தக் கொடிகளைத் தைத்தவர்கள் சாணக்யா பள்ளியில் பயின்ற பெண்கள். நம் நாட்டில் ஜர்தோசிச் சட்டத்தின் முன் உட்காரும் உரிமை தலைமுறை தலைமுறையாக ஆண்களிடமே இருந்துவந்தது. அந்தச் சம்பிரதாயத்தை மாற்றிப் பெண்களுக்கு அந்த வித்தையைக் கற்பிக்கவே அப்பள்ளி எழுந்தது. கரிஷ்மா ஸ்வாலி அதை நடத்துகிறார். 2016 முதல் 2025 வரை தியோரின் பெண்கள் ஆடைப் பகுதிக்குத் தலைமை வகித்த மரியா கிராத்சியா கியூரி அதற்கு உறுதுணையாக நின்றார். 2023-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி மும்பையில் இந்தியா வாயிலின் முன்பு தியோர் நிறுவனத்தார் தங்கள் ஆடைகளை அரங்கேற்றிய இரவில், அந்த வாயிலின் முன் மாபெரும் தோரணம் ஒன்று தொங்கியது. நம் வீட்டு நிலைப்படியில் மாவிலையும் துணியும் கோத்துக் கட்டுகிற அதே தோரணம், பேருருக் கொண்டு அரபிக் கடலோரத்தில் நின்றது. ஆண்டாண்டுகளாக மும்பையில் தைத்துப் பாரிஸில் காட்டிய வேலையை, தைத்த ஊரிலேயே காட்டத் துணிந்தார்கள் என்பதற்காக அந்நிகழ்ச்சியை நான் மெச்சுகிறேன்.

மெச்சுவதற்கு இடமில்லாத நிகழ்ச்சியும் அண்மையில் நடந்தது. 2025 ஜூனில் மிலான் நகரத்து அணிவகுப்பில் பிராடா நிறுவனத்தார் காட்டிய தோல் செருப்புகள், பார்த்த மாத்திரத்தில் நம்மவர் எல்லோருக்கும் கோலாப்பூர்ச் செருப்பாகத் தெரிந்தன. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் பரம்பரையாக அதைச் செய்துவருகிறவர்களுக்கு 2019-இலேயே புவிசார் குறியீடு கிடைத்திருந்தும், அரங்கேற்றத்தன்று அவ்வூரின் பெயரோ அந்தத் தொழிலாளரின் பெயரோ உச்சரிக்கப்படவில்லை. கண்டனம் எழுந்த பிறகே, இந்தியக் கைவினையிலிருந்து எழுந்த எண்ணம் அது என்று அந்நிறுவனத்தார் ஒப்புக்கொண்டார்கள். கேட்ட பிறகு சொல்லும் பெயருக்கும் கேளாமலே சொல்லும் பெயருக்கும் எவ்வளவு தூரம்!

ஊரின் பெயர் வந்துவிட்டால் மட்டும் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். நம் சென்னையின் பெயர் உலகமெங்கும் துணியில் ஏறியிருக்கிறது. மெட்ராஸ் கட்டம் என்றால் நியூயார்க்கில் தெரியும். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் துணிக்கே மெட்ராஸ் என்று பெயர். 1958-இல் ஜேகப்சன் என்னும் அமெரிக்க வியாபாரி வந்து, கஜம் ஒரு டாலர் வீதம் நம் கைத்தறிக் கட்டத் துணியை வாங்கிப்போனதையும், குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்ற எச்சரிக்கை கடைக்காரர் வரை போய்ச் சேராததால் சாயம் கரைந்து வாடிக்கையாளர் கொதித்தெழுந்ததையும், பின்னர் அந்தச் சாயம் கரைவதையே ஒரு சிறப்பாக விளம்பரம் செய்து துணி அமோகமாக விற்பனையானதையும், அன்று துணியை விற்ற கேப்டன் கிருஷ்ணன் நாயர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். விற்றவர் பெயர் தெரியும். வாங்கியவர் பெயர் தெரியும். சாயம் தோய்த்தவர், நெய்தவர் யாரென்று அந்தக் கதையில் ஓரிடத்திலும் வருவதில்லை.

இந்தத் துணியைப் பற்றிப் பேசும்போது ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்களைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. நம் கரையிலிருந்து கப்பலேறிப்போன கட்டத் துணியை அவர்கள் வாங்கி அப்படியே உடுத்திக்கொள்வதில்லை. வீட்டுப் பெண்கள் அதை மடியில் விரித்து, எந்த இழை வேண்டாம் என்று மனத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, ஊசி நுனியால் அந்த இழையை மட்டும் நெம்பித் தூக்கி, சவரக் கத்தியால் நறுக்கி உருவி எடுத்துவிடுகிறார்கள். ஒன்று விட்டு ஒன்று, இரண்டு விட்டு ஒன்று என்று இழைகள் நீங்க நீங்க, நெய்தவர் எண்ணியிராத புதிய கோலம் ஒன்று வலைப்பின்னலாக வெளிப்படுகிறது. துணியும் காற்றாய் மெலிந்துவிடுகிறது. இதை நெய்தவர் நம்முடைய கடற்கரை ஊர்க்காரர்; இழை களைந்தவர் கலாபாரிப் பெண். ஒருவரை ஒருவர் அறியார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ஆயினும் ஒரே துணியில் இருவரும் சேர்ந்து செய்த சிருஷ்டி அது. முதியவர் ஒருவர் காலமானால், அவர் குடும்பத்தார் பல தலைமுறையாகச் சேமித்த துணிகளை அறையறையாகக் கட்டில்களில் அடுக்கி அலங்கரித்து ஊரார் வந்து காணும்படி வைப்பதும் அவர்கள் வழக்கம். கண்காட்சிச் சாலை என்னும் பெயரை அறியாமலே, துணிக்கு ஒரு கண்காட்சியை அந்த மக்கள் நடத்திவந்திருக்கிறார்கள். அந்த இனத்தில் பிறந்து லண்டனில் புகழடைந்த சிற்பி சோகாரி டக்ளஸ் கேம்ப், இந்தச் சடங்குகளின் கோலங்களை இரும்புத் தகட்டில் வடித்திருக்கிறார்.

ஓவியர்கள் தாமே துணியைத் தொட்ட ஒரு காலம் நம்மிடமும் இருந்தது. இங்குள்ள மாணவர்கள் அதைப் பெருமையோடு அறிய வேண்டும். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், ஓவியத்தை மட்டும் நம்பி வயிறு வளர்க்க இயலாத தம் மாணவர்களையும் நண்பர்களையும் திரட்டி, ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார். அவர்கள் கொதிக்கும் மெழுகைத் தூரிகையால் துணியில் தீட்டி, சாயத்தில் முக்கி, மறுபடி மெழுகிட்டு மறுபடி முக்கி, கடைசியில் வெந்நீரில் மெழுகை நீக்கிப் பாத்திக் துணிகள் செய்தார்கள். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடும் அந்தக் கோடுகளை, நவீன ஓவியத்தில் தேர்ந்த கைகள் எவ்வளவு ஆசையோடு கையாண்டிருக்கும்! அந்தத் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் விற்றுச் சேர்த்த பணத்திலிருந்தே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிர்மாணித்தார்கள். அரசாங்கத்து மானியமோ பிரபுக்களின் தயவோ தாங்காமல் நாட்டின் மிகச் சிறந்த ஓவியர் குடியிருப்பு ஒன்று எழுந்ததென்றால், அதைத் தாங்கியது துணிதான். இன்று ஃபேஷன் என்னும் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் ஓவிய ரசிகர்கள் இந்த வரலாற்றை நினைவில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்கிராமத்தில் வாழ்ந்தவர்களில் ஒருவரான எஸ். ஜி. வாசுதேவ், பின்னாளில் பெங்களூரில் சுப்பராயுலு என்னும் நெசவாளரோடு சேர்ந்து தம் சித்திரங்களைப் பட்டுத் திரைகளாக நெய்வித்தார். விருட்சம் என்னும் அவருடைய பிரியமான உருவம் பட்டிழையில் ஏறும்போது, நிறத்தோடு நிறம் கலக்கும் இடத்தில் எந்த இழையை எதனோடு முறுக்குவது என்பதை நெசவாளரிடமே விட்டுவிட்டு, அவருடைய பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே வழங்கிவருகிறார். பல ஆண்டுகள் நீடித்த இந்தத் தோழமையை நான் பாரிஸ் அரங்கங்களுக்கெல்லாம் மேலாக மதிக்கிறேன். இதற்கு நேர்மாறாக, ரவிவர்மாவின் 11 சித்திரங்களை ஒரே பட்டுச் சேலையில் நெய்து, ஏறத்தாழ 40 லட்ச ரூபாய் என்று விலை வைத்து, உலக சாதனைப் புத்தகத்திலும் இடம் பெற்ற செய்தியை 2008-இல் நாமெல்லோரும் படித்தோம். அந்தச் சேலையின் விலை இன்றும் ஜனங்களின் நாவில் இருக்கிறது. நெய்தவர்கள் பெயரைக் கேட்டால் சொல்வாரில்லை.

நாட்டிய மேடையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. ருக்மிணி தேவி 1935-ஆம் ஆண்டு அடையாற்றில் முதன்முதலாகப் பரதநாட்டியம் ஆடியபோது, அதுவரை வழங்கிய உடையை விட்டு, கோயிற் சிற்பங்களைப் பார்த்து அமைத்த புதிய தைத்த உடையில் தோன்றினார். அதைத் தைக்க உதவியவர் மேடம் கஸான் என்னும் இத்தாலிய மாது. 1937-இல் ருக்மிணி தேவி தம் கலாக்ஷேத்திரத்திலேயே நெசவுக் கூடமும் தொடங்கினார். ஆடுபவருக்கும் நெய்பவருக்கும் ஒரே வளாகத்தில் இடம் கொடுத்த அந்தத் தீர்க்க தரிசனத்தினால்தான், கலாக்ஷேத்திரச் சேலை என்னும் ஒரு வகையே பிறந்து, மேடையை விட்டிறங்கி மயிலாப்பூர்த் தெருக்களிலும் நடந்தது. அரங்கேற்றத்தில் நட்டுவனாரையும் மிருதங்கக்காரரையும் வணங்கும்போதே ஒப்பனை செய்தவரையும் உடை தைத்தவரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்து மரியாதை செய்யும் வழக்கத்தைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். நவீன ஓவியக் கண்காட்சிகளை நடத்துகிற பெரிய ஸ்தாபனங்களுக்கு இந்தச் சின்ன வழக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. 1935-இல் தொடங்கிய நம் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கைத்தறிச் சேலைகளோடு ஒரு சிறு அட்டையை இணைக்கத் தொடங்கியது. நெய்தவரின் புகைப்படம், பெயர், நெய்ய எடுத்துக்கொண்ட காலம் ஆகியவை அதில் அச்சாகியிருந்தன. சேலையை எடுத்துப் பார்த்த பெண்மணி, விலைச் சீட்டைத் திருப்புமுன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, “இவங்களா நெய்தாங்க?” என்று கூட வந்தவரிடம் காட்டுவதைக் கடையில் நானே கவனித்திருக்கிறேன். அரசு கூட்டுறவுச் சங்கம் சில ஆயிரம் ரூபாய்ச் சேலைக்குச் செய்த காரியத்தை, கோடி கோடியாகச் செலவிட்டு அரங்கம் எழுப்புகிறவர்கள் தங்கள் திரைகளுக்குச் செய்ய இயலாதா? வெனிஸில் 2024-ஆம் ஆண்டின் பெரிய கலைவிழாக் காலத்தில் பாரேக் தம்பதிகளின் சித்திரங்களும் அவற்றிலிருந்து எழுந்த பூத்தையல்களும் ஒரே கண்காட்சியில் இடம் பெற்று, ஓவியத்துக்குச் சமமாக ஊசி வேலையும் கலையென்றே மதிக்கப்பட்டது. அங்கே கைவினைக்குக் கிடைத்த ஆசனம் கைவினைஞர் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்களில் சிலர் நாளை ஓவியர்களாய், சிலர் ஆடை வடிவமைப்பாளர்களாய், சிலர் கண்காட்சிகளை அமைப்பவர்களாய் இருப்பீர்கள். உங்கள் சித்திரம் ஒன்றைத் துணியில் ஏற்ற யாரேனும் உடன்படிக்கை கொண்டுவந்தால், கூலியையும் உரிமைத் தொகையையும் பேசும்போதே, பெயர்ப் பலகையின் வாசகத்தையும் அந்தக் காகிதத்தில் எழுதிவிடுங்கள். வரைந்தவர், தாளில் துளையிட்டவர், சட்டத்தின் முன் உட்கார்ந்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி ஒதுக்கச் சொல்லுங்கள். துணியைச் சட்டத்தில் கட்டும் அன்றைக்கே அந்தப் பட்டியலை எழுதத் தொடங்க வேண்டும்; பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. சென்னையில் இந்த வேலை செய்கிறவர்களில் வங்காளத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் பலர்; ஒரு வேலை முடிந்ததும் பண்டிகைக்கென்று ஊருக்குப் போனவர் திரும்பும்போது வேறு கூடத்தில் சேர்ந்துவிடுவார். கண்காட்சி திறக்கும் நாளில் பெயரைத் தேடினால் மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தில் முன்பணக் கணக்கும், பாதிப் பெயர்களும்தான் கிடைக்கும். ஆகையால் முதல் தையல் விழும் காலையில், அவரவர் கையாலேயே, அவரவர் எழுத்திலேயே, வங்காளியானால் வங்க மொழியிலும் உருது பேசுபவரானால் உருதுவிலும், பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலகையிலும் அந்தக் கையெழுத்தை அப்படியே பொறிக்கச் சொல்லுங்கள்.